மெழுகு உருகும்வரை மாற்றலாம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் இருக்கும் ஒரு தம்பிக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். பாட்டியின் ஏழு கல் தோட்டிலிருந்து ஒரு நடுக்கல்லை எடுத்து, தானே வரைந்த டிசைனில் 18 கேரட் மோதிரம் செய்யக் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் வரைந்த படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அதில் மோதிரம் தடியாகவும் கல் சின்னதாகவும் தெரிகிறதாம். நாளைக்குள் ஓகே சொல்லச் சொல்கிறார்கள். கல்லை மாற்றிவிடுவார்களோ, அவளுக்குப் பிடிக்காமல் போய்விடுமோ, பேசாமல் கேன்சல் பண்ணிவிட்டுக் கடையில் இருப்பதையே வாங்கிவிடலாமா என்று கேட்கிறார். மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை என்கிறார். பெண் பல் மருத்துவர் என்று போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். என் பதிலில் பாதி அந்த ஒரு வரிக்காகத்தான்.

தம்பி, கேன்சல் பண்ண வேண்டாம். இன்றைக்கு ஓகே சொல்லவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அது எவ்வளவு என்று யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை, அதனால்தான் தூக்கம் வரவில்லை.

என் அப்பா கோவை செல்வபுரத்தில் பத்தர், நகை செய்கிறவர். ஊதுகுழல் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். அப்புறம் 22 வருஷமாக, நகை செய்யச் சொல்கிறவர்களுக்கும் பட்டறைக்கும் நடுவில் உட்கார்ந்து ஆர்டர் எடுக்கிற வேலை. ஆரத்துக்கும் வளையலுக்கும் யாரும் இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. நாலு கிராம் மோதிரத்துக்குத்தான் ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் வரும். காரணம் எனக்குப் புரிகிறது. ஆரம் வாங்கும்போது அம்மா, அத்தை, சித்தி எல்லோரும் கூட வருவார்கள். கழுத்தில் வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் வேறு தட்டை எடுக்கச் சொல்லலாம். செய்யக் கொடுத்த மோதிரத்தை முடிகிறவரை யாரும் விரலில் போட்டுப் பார்க்க முடியாது. முடிவெடுத்ததும் நீங்கள் ஒருத்தர்தான். அதைச் சபையில் எல்லோர் முன்னாலும் போடப்போகிறீர்கள். பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் உங்கள் மோதிரம் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்போம். வரைந்த படத்தை மெஷினில் கொடுத்தால், மெழுகிலோ ஒருவிதப் பிசினிலோ அதே அளவில் ஒரு மோதிரம் பிரிண்ட் ஆகி வரும். அதைச் சுற்றி பிளாஸ்டர் கரைசலை ஊற்றி இறுகவிட்டு, அடுப்பில் மணிக்கணக்காக வைப்பார்கள். மெழுகு உருகி ஓடி, உள்ளே மோதிரத்தின் வடிவத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும். அதில் உருக்கிய தங்கத்தை விடுவார்கள். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பதும் இதே வழிதான். அங்கே மெழுகைக் கையால் செய்கிறார்கள், இங்கே மெஷின் செய்கிறது. வார்த்து எடுத்த பிறகு அரம் போட்டு, மெருகின் முதல் சுற்று முடித்து, கல் கட்டி, கடைசி மெருகு போடுவார்கள்.

இதில் எதை எப்போது மாற்றலாம் என்பதுதான் விஷயம். படமாக இருக்கும்போது எல்லாவற்றையும் மாற்றலாம், வரைகிறவருக்கு ஒரு மணி நேர வேலை. மெழுகு கைக்கு வந்த பிறகும் மாற்றலாம், இன்னொரு பிரிண்ட் எடுக்கிற செலவும் ஒன்றிரண்டு நாளும் ஆகும், அவ்வளவுதான். தங்கம் வார்த்த பிறகு விரல் அளவைக் கொஞ்சம் கூட்டலாம் குறைக்கலாம், தடிமனை அரம் போட்டு மெலிதாக்கலாம், வடிவத்தை மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமென்றால் உருக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கல் கட்டிய பிறகு கைவைத்தால் கல்லுக்கே ஆபத்து. நீங்கள் இப்போது இருப்பது முதல் படியில். மிகப் பாதுகாப்பான இடம் அது. அங்கே நின்றுகொண்டு, எல்லாம் முடிந்துபோன மாதிரி பயப்படுகிறீர்கள்.

நாளைக்குள் ஓகே சொல்லச் சொன்னதையும் தப்பாக எடுக்காதீர்கள். வார்ப்பு அடுப்பை ஒரு மோதிரத்துக்காகப் பற்றவைக்க மாட்டார்கள். பல ஆர்டர்களின் மெழுகை ஒரே தண்டில் மரம் மாதிரி ஒட்டி, சேர்த்துத்தான் வார்ப்பார்கள். உங்களுடையது இந்த மரத்தில் ஏறாவிட்டால் அடுத்த மரத்தில் ஏறும். சில நாள் தள்ளிப் போகும். ஆடியில் பட்டறையில் வேலை குறைவு, ஆவணி முகூர்த்த வேலைகள் குவியத் தொடங்குவதற்குள் முடித்துவிட நினைக்கிறார்கள். "எனக்கு இரண்டு நாள் வேண்டும்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, படம். போனில் உங்கள் மோதிரம் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிகிறது. நிஜத்தில் அதன் வெளி விட்டம் ரூபாய் நாணயம் அளவுதான் வரும். மூன்று மடங்கு, நாலு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் 2 மில்லிமீட்டர் கம்பி மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரிதான் இருக்கும். அதனால் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எண்களைக் கேளுங்கள். வளையத்தின் அகலம் எவ்வளவு, அடிப்பக்கத் தடிமன் எவ்வளவு, விரலிலிருந்து கல்லின் உச்சி எவ்வளவு உயரம். இந்த மூன்றும் போதும். தினமும் போடுகிற மோதிரத்துக்கு அடித்தடிமன் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது எங்கள் பட்டறைப் பழக்கம். ஒல்லியாக அழகாக இருக்கட்டும் என்று ஒரு மில்லிமீட்டரில் செய்தால் இரண்டு வருஷத்தில் வளைந்து முட்டை வடிவமாகிவிடும். உங்கள் படத்தில் 1.8 இருந்தால் தொட வேண்டாம். 2.5 இருந்தால் குறைக்கச் சொல்லுங்கள்.

கல் சின்னதாகத் தெரிவதைப் பற்றி. ஏழு கல் தோட்டின் நடுக்கல் 30 சென்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கத்தில் கேரட் என்பது சுத்தம், வைரத்தில் அது எடை: ஒரு கேரட் 100 சென்ட், அதாவது 200 மில்லிகிராம். உங்கள் கல் 60 மில்லிகிராம். இன்றைய வெட்டில் 30 சென்ட் வட்டக் கல் 4.3 மில்லிமீட்டர் அளவு இருக்கும். பழைய கல் பெரும்பாலும் ஆழமாக வெட்டியிருப்பார்கள், மேலிருந்து பார்க்க அதைவிடக் கொஞ்சம் குறையும். ஒரு மிளகை எடுத்து விரல்மேல் வைத்துப் பாருங்கள், அதுதான் அளவு. மெல்லிய விரலில் அந்த மிளகு நன்றாகவே தெரியும். கல்லைச் சுற்றி வெள்ளைத் தங்கத்தில் மெல்லிய விளிம்பு வைத்தால், கல்லின் ஓரமும் விளிம்பும் கலந்து இன்னும் கொஞ்சம் பெரிதாகக் காட்டும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன், வேறு ஒரு காரணத்துக்காகவும் அது உங்களுக்குத் தேவை.

மெழுகு பிரிண்ட் வந்ததும் நேரில் போய் விரலில் போட்டுப் பாருங்கள். இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். உங்கள் சுண்டுவிரலில் போட்டாலும் போதும், கண்ணுக்கு அளவு பிடிபட்டுவிடும். அங்கேயே அதை எடை போடச் சொல்லுங்கள். மெழுகின் எடையைப் போல 15, 16 மடங்கு 18 கேரட் தங்கம் பிடிக்கும் என்பது வார்ப்புக்காரர்களின் கணக்கு. கால் கிராம் மெழுகு என்றால் கிட்டத்தட்ட நாலு கிராம் தங்கம். பிசின் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும், அவர்களே சொல்லுவார்கள். இப்படி வார்ப்பதற்கு முன்பே எடை தெரிந்துவிட்டால், பில் போடும்போது வருகிற பயம் ஒன்று இங்கேயே தீர்ந்துவிடும்.

இனி கல். கல் மாறிவிடுமோ என்கிற பயத்தைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பரம்பரைக் கல்லைக் கொடுத்த எல்லோருக்கும் அது உண்டு. நேர்மையான பட்டறை அந்தக் கேள்வியை அவமானமாக எடுத்துக்கொள்ளாது. ஒருமுறை ஒரு அம்மா தன் மாமியாரின் மூக்குத்திக் கல்லை மோதிரத்துக்குக் கொடுத்திருந்தார். முடிந்து வந்ததைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "இது எங்க கல்லே இல்லைம்மா" என்றார். ஐம்பது வருஷம் மூடிய கட்டடத்துக்குள், அதாவது கல்லைப் பதித்திருந்த தங்கக் கூட்டுக்குள், எண்ணெயும் மஞ்சளும் சோப்பும் படிந்து கிடந்த கல்லைக் கழற்றிக் கழுவி, அடியில் வெளிச்சம் புகும்படி கட்டியிருந்தோம். நிறமே வேறாகத் தெரிந்தது. நல்லவேளை, வாங்கும்போதே கல்லை அளந்து, லென்ஸில் பார்த்து, உள்ளே இருந்த ஒரு கறுப்புப் புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்று படம் வரைந்து அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன். லென்ஸைக் கையில் கொடுத்து அதே புள்ளியைக் காட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அந்தக் காகிதம் இல்லாமல் இருந்திருந்தால் நான் எத்தனை சத்தியம் செய்தும் பயனில்லை, அவர் கடைசிவரை அந்த மோதிரத்தைச் சந்தேகத்தோடுதான் பார்த்திருப்பார்.

உங்கள் கல்லுக்கும் அந்தக் காகிதம் வேண்டும். எடை, நீளம், அகலம், ஆழம் நாலையும் எழுதி வாங்குங்கள். மில்லிமீட்டரில் இரண்டு தசம இடம்வரை அளக்கிற கருவி எல்லாக் கல் வியாபாரியிடமும் இருக்கிறது. அப்புறம் 10 மடங்கு லென்ஸில் உள்ளே பாருங்கள். காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று வைரத்தின் குற்றங்களுக்கு நம் ஊரில் பழங்காலத்திலேயே பெயர் உண்டு. குற்றம் என்று ஒதுக்கிய அந்தப் புள்ளியும் கோடும்தான் இன்றைக்கு உங்கள் கல்லின் மச்சம். அதே மச்சம் அதே இடத்தில் இன்னொரு கல்லில் இருக்காது. புற ஊதா விளக்கில் காட்டச் சொல்லி, நீலமாக ஒளிர்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சில கற்கள் நன்றாக ஒளிரும், சில கொஞ்சம்கூட ஒளிராது. நாள் இருந்தால் ஜிஐஏ, ஐஜிஐ மாதிரியான ஆய்வுக்கூடத்தில் கொடுத்து ரிப்போர்ட் வாங்கலாம், கேட்டால் கல்லின் இடுப்பில், அதாவது அகலமான சுற்று ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில் லேசரில் எண்ணும் பொறித்துத் தருவார்கள். உங்களுக்கு இருக்கும் நாளைப் பார்த்தால், கையெழுத்துப் போட்ட அளவுக் காகிதமும் லென்ஸ் வழியாக எடுத்த போட்டோவும் போதும்.

இதைச் செய்யும்போது இன்னொன்றும் தெரிந்துவிடும், அதற்கு மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டியோடது புளூ ஜாகர்" என்று வீட்டில் சொல்லியிருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தை ஒட்டி, நீலச் சாயல் அடிக்கும் வெள்ளைக் கற்களுக்கு வியாபாரத்தில் வந்த பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. எந்த ஆய்வுக்கூடமும் ரிப்போர்ட்டில் புளூ ஜாகர் என்று எழுதாது, நிறத்துக்கு டி-யிலிருந்து இசட் வரை ஒரு எழுத்தைத்தான் போடும். அந்த எழுத்து நீங்கள் நினைத்ததைவிடக் கீழே இருக்கலாம். பழைய தோடுகளில் வெள்ளைப் புஷ்பராகமோ, திருச்சியில் பட்டை தீட்டிய செயற்கைக் கல்லோ இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது தெரிந்தாலும் பாட்டி அதைப் போட்டுக்கொண்டு நடந்தது மாறாது. ஆனால் எந்தக் கல் என்று தெரிந்தால்தான் எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்ய முடியும். வைரத்துக்குத் தாங்குகிற சூடும் அழுத்தமும் எல்லாக் கல்லுக்கும் தாங்காது.

இப்போது நான் உண்மையாகவே கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். நீங்கள் கவலைப்படாத இடம் இது. பழைய கல் கையால் வெட்டியது, துல்லியமான வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் 4.30, இன்னொரு பக்கம் 4.18 என்று இருக்கும். ஓரமும் சில இடங்களில் பிளேடு மாதிரி மெலிந்திருக்கும். படம் வரைகிறவர்கள் பல நேரம் 30 சென்ட் என்றதும் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் 4.3 வட்டக் கல்லை எடுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தக் குழியில் உங்கள் கல் சரியாக உட்காராது. கல் கட்டுகிறவர் அதை உட்காரவைக்க அழுத்துவார். வைரம் மிகக் கடினமானதுதான், எளிதில் கீறல் விழாது. ஆனால் மெலிந்த ஓரத்தில் ஒரு பக்கமாக அழுத்தினால் சில்லு தெறிக்கும். என் அனுபவத்தில் பரம்பரைக் கல் கெட்டுப்போனது எல்லாமே இந்த ஒரு நிமிஷத்தில்தான். திருட்டில் போனது நான் பார்த்தவரை ஒன்றுகூட இல்லை. ஆகவே நாளைக்கு நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "என் கல்லை அளந்து அந்த அளவில்தான் வரைந்தீர்களா?" இல்லையென்றால் படத்தைத் திருத்தச் சொல்லுங்கள். கல்லை இன்னும் தோட்டிலிருந்து கழற்றவே இல்லை என்றால், கழற்றிய பிறகு வரைந்தால் போதும் என்று சொல்லுங்கள். மூடிய கட்டடத்துக்குள் ஓரம் எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, உங்கள் டிசைன். ஆறு நகங்கள் கல்லைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி, தாமரை மொட்டு போல உயரமாக வரைந்திருக்கிறீர்கள். அழகாகவே இருக்கிறது, உங்கள் கைவரிசை தெரிகிறது. ஆனால் அவர் பல் மருத்துவர். ஒரு நாளைக்கு எத்தனை முறை கையுறை மாட்டிக் கழற்றுவார் என்று யோசித்துப் பாருங்கள். உயரமான நகம் ரப்பர் கையுறையைக் கிழிக்கும். வேலை நேரத்தில் மோதிரமே வேண்டாம் என்று கழற்றி வைக்கிற மருத்துவர்களும் நிறைய உண்டு. கழற்றிக் கழற்றி வைக்கிற மோதிரம்தான் தொலையும், வாஷ்பேசினில் விழும். நகங்களுக்குப் பதிலாகக் கல்லைச் சுற்றி முழுவதும் விளிம்பு மடித்துப் பிடிக்கிற பெசல் வைத்து, உயரத்தைக் குறைத்தால் கையுறை வழுக்கிக்கொண்டு ஏறும். பட்டுப் புடவையின் நூலை இழுக்காது. மெலிந்த ஓரத்துக்கும் அதுவே கவசம். தாமரை இதழை விட மனதில்லையென்றால் பெசலின் பக்கவாட்டில் செதுக்கச் சொல்லுங்கள், பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியும். மேலே சொன்ன வெள்ளைத் தங்க விளிம்பும் இதுதான். ஒரு விஷயம், வெள்ளைத் தங்கத்துக்கு மேலே ரோடியம் முலாம் போட்டிருப்பார்கள். தேயத் தேய அடியில் லேசான மஞ்சள் தெரியும், ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

இதற்காக அவரிடமே பேசிவிடுங்கள் என்பேன். சர்ப்ரைஸ் கெட்டுவிடும் என்று நினைக்கிறீர்கள். பாட்டியின் கல் என்பதை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள், அது பெரிய சர்ப்ரைஸ். வேலை நேரத்தில் மோதிரம் போடுவாரா, எந்தக் கையில் போட்டுக்கொள்வார், மஞ்சள் தங்கம் பிடிக்குமா, நிக்கல் கலந்த கம்மல் போட்டால் காது அரிக்குமா என்று நாலு கேள்வி சாதாரணமாகக் கேட்கலாம். சில வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலப்பார்கள். அரிப்பு உண்டு என்றால் பல்லேடியம் கலந்த தங்கம் கேட்க வேண்டும். நமக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது, மோதிரம் கொடுக்கிறவர் எல்லாவற்றையும் தானாகக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று. இரண்டு வீட்டாரும் ஆறு மாதமாகப் பேசி முடித்த கல்யாணத்தில் மோதிரத்தை மட்டும் ஏன் பேசாமல் செய்ய வேண்டும்?

விரல் அளவு. உங்கள் அம்மா நூலில் முடிச்சுப் போட்டு அனுப்பிய அளவை வைத்திருக்கிறீர்கள். அதை நம்ப வேண்டாம், நூல் நீளும். நம் ஊர்க் கணக்கில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்சுற்றளவில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 12 என்றால் சுமார் 52 மில்லிமீட்டர், 13 என்றால் 53. நூலை இறுக்கிப் பிடித்தாலே ஒரு நம்பர் போய்விடும். அவர் ஏதாவது ஒரு கடையில் அளவு வளையத்தைப் போட்டுப் பார்த்து நம்பர் சொன்னால் போதும். காலையில் விரல் ஒரு மாதிரி இருக்கும், வெயிலில் நடந்து வந்தால் ஒரு மாதிரி இருக்கும், அதனால் சாயங்காலம் ஒருமுறை, வேறொரு நாள் காலையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். முட்டியைத் தாண்டும்போது லேசாகப் பிடித்து, உள்ளே போனதும் சுழலாமல் நின்றால் அதுதான் அளவு. வளையத்தின் கீழ்ப்பாதியில் கல்லோ வேலைப்பாடோ வைக்காதீர்கள். வெறும் கம்பியாக இருந்தால் பிறகு ஒன்றிரண்டு நம்பர் கூட்டிக் குறைப்பது சின்ன வேலை. கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, விரல் மாறும். அன்றைக்கு உங்களை நீங்களே வாழ்த்திக்கொள்வீர்கள்.

பணத்துக்கும் சுத்தத்துக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 18 கேரட் என்றால் 75 சதவீதம் தங்கம். 22 கேரட் கொஞ்சம் மிருது, வைரத்தைப் பிடித்து வைக்க 18 தான் நல்லது, அதில் நீங்கள் சரியாகவே முடிவெடுத்திருக்கிறீர்கள். மோதிரத்தின் உள்பக்கம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், 750 என்ற சுத்த அளவும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி எண்ணும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஆறு இலக்க எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு விலக்கு உண்டு, உங்களுடையது அதில் வராது. பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வரும். முத்திரையில் சொன்னதைவிடச் சுத்தம் குறைந்திருந்தால், குறைவுக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்குகிறவருக்குக் கிடைக்க விதி இருக்கிறது. பில்லில் தங்க எடையும் கல் எடையும் தனித்தனியாக இருக்கட்டும். கல் உங்களுடையது, அதன் எடைக்குத் தங்க விலை போடக் கூடாது. எந்த நாளின் விலையில் பில் என்பதை மட்டும் இன்றைக்கே எழுதி வாங்குங்கள், தங்கம் ஏறி இறங்குகிற வேகத்தில் பல மனஸ்தாபங்கள் அதில்தான் வருகின்றன.

நான் ஏன் இவ்வளவு வற்புறுத்திப் பேசச் சொல்கிறேன் என்றால், பேசாமல் போன ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் மோதிரம் செய்யக் கொடுத்தான். மெழுகைக் காட்டியபோது கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏதோ உறுத்துகிறது என்று எனக்குத் தெரிந்தது. "நல்லா இருக்குக்கா" என்றான். கடையில் கூட்டம், நானும் சரி என்று விட்டுவிட்டேன். முடிந்து வந்த அன்றைக்கும் நல்லா இருக்கு என்று சொல்லிப் பணம் கட்டிப் போனான். ஒரு வருஷம் கழித்து அவன் அம்மா அதே மோதிரத்தை மாற்றிக்கொள்ள வந்தார். மோதிரத்தின் தோள்பட்டை, அதாவது கல்லுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பகுதி, அகலமாக இருந்ததாம், அவனுக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லையாம், பெரியவர்கள் முன்னால் குறை சொல்லக் கூடாது என்று இருந்துவிட்டானாம். அரை மில்லிமீட்டர் அது. மெழுகில் கத்தியால் சுரண்டினால் போயிருக்கும். அதற்குப் பிறகு நான் யாரிடமும் பிடித்திருக்கிறதா என்று கேட்பதில்லை. எது உறுத்துகிறது என்றுதான் கேட்கிறேன். உறுத்துவது ஒன்றுமில்லை என்று சொல்லும்வரைக்கும் அவர்கள் கையிலிருந்து மெழுகை வாங்க மாட்டேன்.

உங்கள் பட்டறை உங்களிடம் அப்படிக் கேட்காமல் இருக்கலாம். நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு மெசேஜ் போதும்: "கல்லை அளந்து படத்தைத் திருத்தவும். நகங்களுக்குப் பதில் பெசல், உயரம் குறைக்கவும். அகலம், அடித்தடிமன், உயரம் மூன்றையும் எண்ணில் அனுப்பவும். மெழுகு வந்ததும் நேரில் பார்த்த பிறகுதான் வார்ப்பு." இதை எழுதினால் படம் திருத்த ஒரு நாள், மெழுகுக்கு ஒன்றிரண்டு நாள், வார்ப்பு, அரம், ஹால்மார்க், கல், மெருகு என்று இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். உங்கள் தேதிக்கு முன்னால் ஒரு வாரம் மிச்சம் இருக்கும். அந்த வாரத்திலும் மனசு படபடக்கிறது என்றால், ஒரு சின்ன வெற்று மோதிரம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சபையில் அது போதும். செய்தது வந்ததும் மாற்றிக்கொள்ளலாம், அந்த வெற்று மோதிரம் பிறகு குழந்தைக்கு ஆகும். இப்படிச் செய்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும், இரண்டிலும் பெண்கள் அந்த வெற்று மோதிரத்தைத்தான் சமையல் செய்யும்போது போட்டுக்கொள்கிறார்கள்.

அம்மாவிடமும் ஒரு வார்த்தை. ஜோடியை உடைக்கிறோமே என்று அவர் மனதில் இருக்கும், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். இரண்டு தோட்டிலும் சேர்த்து 14 கல். ஒன்றை எடுத்தால் 13. மற்றத் தோடு அப்படியே இருக்கட்டும். கழற்றிய தோட்டின் ஆறு கல்லையும் எண்ணி, எடை போட்டு, பொட்டலமாக அம்மா கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பட்டறையில் விட்டு வைக்க வேண்டாம்.

மோதிரம் முடிந்து வாங்கப் போகிற அன்றைக்குப் பகலில் போங்கள், கடை விளக்கை விட்டு வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வாருங்கள். லென்ஸில் மச்சத்தைப் பாருங்கள், அளவுக் காகிதத்தில் இருக்கிற அதே இடத்தில் இருக்கும். மோதிரத்தைக் காதோரம் பிடித்து விரலால் லேசாகத் தட்டுங்கள். கல் ஆடினால் சின்னதாகக் கிணுகிணுக்கும், இறுக்கமாக இருந்தால் சத்தமே வராது. அம்மாவைக் கூட்டிப் போயிருந்தால் அவர் புடவைத் தலைப்பின்மேல் கல்லை ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். நூல் எதுவும் மாட்டவில்லையென்றால் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு கிளம்பிவிடலாம்.